வயல் காக்கும் துப்பாக்கிக்கும் பதிவு: கனடா விவசாயிகள் காட்டிய எதிர்ப்பு

பயிரைத் தின்னும் பிராணிகளால் வரும் தொல்லை எல்லா நாட்டு விவசாயிக்கும் உண்டு. நமக்குக் காட்டுப்பன்றி என்றால், கனடாவின் மேற்குச் சமவெளியில் தரை அணில். கோதுமை விளையும் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மனிடோபா மாகாணங்களில் இது இளம் பயிரையும் மேய்ச்சல் புல்லையும் கரம்பிவிடுகிறது. அது தோண்டிய வளையில் கால் சிக்கி மாடும் குதிரையும் காலை முறித்துக்கொள்வதும் உண்டு. கன்று ஈனும் காலத்தில், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த கயோட்டி என்னும் காட்டு விலங்கு பட்டியைச் சுற்றி வரும். ஆகவே அங்குள்ள பண்ணை வீடுகளில் ஒரு சிறு ரைபிளும் ஒரு ரவைத் துப்பாக்கியும் இருப்பது வழக்கம். நம் வீட்டு மண்வெட்டி, அரிவாளைப் போல அதுவும் அவர்களுக்கு ஒரு பண்ணைக் கருவிதான். பல வீடுகளில் அது தாத்தா வாங்கி, தந்தை வழியாக மகன் கைக்கு வந்ததாக இருக்கும்.

இந்தத் துப்பாக்கிகளை எல்லாம் ஒன்று விடாமல் அரசிடம் பதிய வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு டிசம்பரில் கனடா சட்டம் இயற்றியது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1989 டிசம்பர் 6ஆம் தேதி மான்ட்ரியால் நகரப் பொறியியல் கல்லூரியில் ஒருவன் ரைபிளால் சுட்டு 14 பெண்களைக் கொன்றான். முறையாக வாங்கிய துப்பாக்கி அது. கைத்துப்பாக்கிகளை 1934 முதலே பதிந்து வந்த அந்நாட்டில், நீண்ட குழல் துப்பாக்கிகளுக்கு அப்படிப்பட்ட நிரந்தர ஏற்பாடு அப்போது இல்லை.

உரிமம் வேறு, பதிவு வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உரிமம் என்பது ஆளுக்கு. பதிவு என்பது துப்பாக்கிக்கு. நம் நாட்டில் உரிமத் தாளிலேயே துப்பாக்கியின் விவரமும் எழுதப்படுவதால் இந்த வேறுபாடு நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பயிரைக் காக்க, குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கும் விவசாயியை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. கனடாவில் இரண்டும் தனித்தனி. துப்பாக்கி வைத்திருப்போர் 2001 ஜனவரி 1க்குள் உரிமம் பெற வேண்டும், 2003 ஜனவரி 1க்குள் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிய வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

உரிமத்தை விவசாயிகள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றார்கள். பதிவைத்தான் ஏற்க மறுத்தார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: "நான் யார் என்று விசாரித்து உரிமம் கொடுத்தாகிவிட்டது. பிறகு என் வீட்டில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு எதற்கு? இன்று பட்டியல் எடுப்பவர்கள் நாளை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பறிக்க வரமாட்டார்களா?"

இந்தப் பயத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பதியாத துப்பாக்கியை வைத்திருப்பது கிரிமினல் குற்றம் என்று சட்டம் சொன்னது. நேற்றுவரை ஊரில் மரியாதையாக வாழ்ந்த விவசாயி, ஒரு படிவத்தை நிரப்பாத காரணத்தால் குற்றவாளி ஆகிவிடுவார். பழைய சிறு ரைபிள்கள் பலவற்றில் எண்ணே பொறிக்கப்பட்டிருக்காது. அவற்றின் மேல் ஒட்டுவதற்கு எண் அச்சிட்ட சீட்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள். எண்ணெய் போட்டுத் துடைக்கும் இரும்பில் காகிதச் சீட்டு ஒட்டுவதை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஒருவர் ஈயம் பற்றவைக்கும் கருவியைப் பதிவுக்கு அனுப்பி, அதற்கும் சான்று வாங்கிக் காட்டினார்!

எதிர்ப்பு பல விதம்

ஆயிரக்கணக்கானோர் தலைநகர் ஒட்டாவாவில் திரண்டு ஊர்வலம் போனார்கள். ஆல்பர்ட்டா மாகாண அரசே வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னும், பதியாதவர்கள் மேல் நாங்கள் வழக்கு நடத்த மாட்டோம் என்று சில மாகாண அரசுகள் கைவிரித்தன. பலர் பதிந்தார்கள். பலர் வாய் திறவாமல் இருந்துவிட்டார்கள். இந்த மௌனத்தைத்தான் அரசால் சமாளிக்க முடியவில்லை.

செலவு வேறு கைமீறிப் போயிற்று. கட்டண வரவைக் கழித்தால் அரசுக்கு 20 லட்சம் டாலர்தான் செலவாகும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். மொத்தத் திட்டத்தின் செலவு 100 கோடி டாலரைத் தாண்டும் என்று தலைமைத் தணிக்கையாளர் ஷீலா பிரேசர் 2002 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். எதிர்த்தவர்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. 2006 முதல் பதியாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்து, அதை ஆண்டுதோறும் நீட்டித்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் அங்கே என்ன ஆயுதம் இருக்கிறது என்று தெரிவது உதவி என்று காவல் துறைத் தலைவர்களின் சங்கம் கடைசிவரை வாதாடியது. 2005இல் ஆல்பர்ட்டாவின் மேயர்தார்ப் அருகே ஒரு பண்ணையில் 4 காவலர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே கிடைத்த ஒரு ரைபிள், கொலையாளிக்கு உதவிய ஒருவரின் தாத்தா பெயரில் பதிவாகி இருந்தது. துப்புத் துலங்க அந்தப் பதிவு உதவிற்று. கனடாவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி கொலை அல்ல, தற்கொலை. கடனும் தனிமையும் வாட்டும் பண்ணை வீட்டில், பூட்டி வைக்காத துப்பாக்கி யாருக்கு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பதிந்த துப்பாக்கியை உரியவர் பொறுப்பாகப் பூட்டி வைப்பார் என்று சட்டத்தை ஆதரித்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் இந்தப் பேச்சு கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே முதலில் போய்ச் சேர்ந்தது படிவமும் தண்டனைப் பிரிவும்தான். விதையோ மருந்தோ சட்டமோ, பயன் இன்னதென்று விளங்கும் முன் அபராதம் வந்து நின்றால் விவசாயி முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு.

பதிவை ஒழிக்கும் மசோதா 2010இல் 151க்கு 153 என்ற வாக்குகளில், இரண்டே வாக்கில் தோற்றது. 2012 ஏப்ரல் 5ஆம் தேதி அது சட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே கியூபெக் நீங்கலாக மற்ற மாகாணங்களின் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. தன் பட்டியலைத் தனக்கே தர வேண்டும் என்று கேட்ட கியூபெக், 2015இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்று, சொந்தச் சட்டம் இயற்றிக்கொண்டது. அங்கே கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே பதியலாம். அப்படியும், 16 லட்சம் துப்பாக்கிகள் இருக்கும் என்று மதிப்பிட்ட அம்மாகாணத்தில், 2019 ஜனவரி 29 கெடுவுக்குள் பாதிகூடப் பதிவாகவில்லை.

மற்ற மாகாணங்களில் 2022 மே மாதம் முதல் ஒரு நடுவழி உள்ளது. சாதாரண ரைபிளை விற்பவர், வாங்குபவரின் உரிமம் செல்லுமா என்று அரசிடம் கேட்டுக் குறிப்பு எண் பெற வேண்டும். கடைக்காரர் விற்பனைக் கணக்கை 20 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு கடையில்தான் இருக்கும். அரசின் பதிவேட்டில் ஏறாது.