சக்கரம் சுடுகிறதா? வண்டியை எடுக்காதீர்கள்

ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி, அத்திப்பள்ளி தாண்டிப் போகும் பிக்கப்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம். வண்டி இழுக்கத் திணறுகிறது, ஒரு பக்கச் சக்கரத்தில் கருகல் வாடை. டிரைவர் டிரம் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புகிறார். அல்லது மெக்கானிக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி அனுப்பிவிடுகிறார். இரண்டும் தப்பு. கொதிக்கும் டிரம் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் கோளாறு போகாது, பிரேக்தான் குறையும்.

பிடித்தபடியே ஓடும் பிரேக், தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போகும். புது டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் உறிஞ்சிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். மேலுமலை இறக்கத்தில் லோடோடு அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. சக்கரம் ஆறட்டும். சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பெடலை மிதித்து விட்டபின் இறுகி நின்றால், பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டிச் சற்றே திறக்கட்டும். ஆயில் வெளியேறிச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் அதன் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். எல்லாச் சக்கரமும் என்றால் மாஸ்டர் சிலிண்டரையும் பெடல் ஃப்ரீ பிளேயையும் பார்க்க வேண்டும். திறந்தும் விடுபடாவிட்டால் காலிப்பர், வீல் சிலிண்டர், ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தால், ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது. பிரேக் ஆயில் டப்பாவில் இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பி எல்லாச் சக்கரமும் இறுகும், அதையும் கேளுங்கள்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறைதான் அது. ரிஃப்ளெக்டர் பட்டைக்குக் காட்டும் கண்டிப்பை ஆய்வாளர்கள் பிரேக்கிலும் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 190(1)-ன்படி, ஆபத்தான கோளாறு தெரிந்தும், அல்லது கவனித்தால் தெரிந்திருக்கும் நிலையிலும், வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி. அபராதம் ரூ.1,500 வரை, விபத்தில் காயமோ சொத்துச் சேதமோ ஆனால் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் டிரைவர்களே, கோளாறை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, படத்தோடு அனுப்புங்கள். வாய்மொழிக்குச் சாட்சி கிடையாது.

வேலை முடிந்ததும் ஜாப் கார்டு, பார்ட் நம்பர் உள்ள ஜி.எஸ்.டி. பில், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் வாங்குங்கள். மறுபடி அதே கோளாறு வந்தால் முதலில் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் எழுத்துப் புகார். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரே வண்டியை வைத்துச் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான்.

எல்லைப் பகுதிக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ம் பிரிவின்படி, பாகம் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரியிலேயே, வழக்குப் போடலாம். காலக்கெடு 2 ஆண்டு. பில் இல்லாமல் வேலை வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தால் பெரிதாகப் பயன் இருக்காது. பில் கேளுங்கள், கொடுக்காத கடையில் பிரேக் வேலையே கொடுக்காதீர்கள்.