துருப்பிடித்த சால்

அம்பத்தூர் என்றதும் இன்று தொழிற்சாலைகள்தான் ஞாபகம் வரும். 1964-ல் தொழிற்பேட்டை எழுவதற்கு முன் அங்கே வயல்கள் பசுமையாகக் கிடந்தன.

அந்த வட்டாரத்தில் பழைய விவசாயக் கருவிகளைத் தேடிக் காமிராவுடன் புறப்படுவோருக்கு, கவலை ஏற்றத்தின் இரும்புச் சால் ஒரு புதையல்! சாயங்கால வெயிலில் அதன் துருவும் பொன்னாய் மின்னும். ஆனால் படத்தில் தெரிவது பாதிதான். அடியில் யானைத் துதிக்கைபோல் தொங்கிய தோல் தும்பி எப்போதோ மக்கிப்போயிருக்கும், வடமும் இற்றுப்போயிருக்கும். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே ஏறும், தும்பி வழியே நீர் கொட்டும் என்ற சூட்சுமத்தைக் காமிரா சொல்லுமா?

கவலை ஓட்டிய பெரியவர் எவரேனும் இருந்தால், அவரைக் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி வைக்கலாம். இல்லாவிட்டால், பேரப்பிள்ளைகள் அதை ஓட்டை வாளி என்றல்லவா நினைப்பார்கள்!