காணாத காசு – 14: தெருப்பெயரைப் பார்க்காத கணினி

விர்ச்சுவல் கார்டின் பதினாறு இலக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் போன வாரமே முடித்துவிட்டோம். இந்த வாரக் கேள்வி: இணையத்தில் பொருள் வாங்கும்போது அந்தக் கார்டுக்கு எந்த முகவரியைக் கொடுப்பது?

பதில் சின்னதுதான். கார்டு கொடுத்தவரின் பதிவேட்டில் எந்த முகவரி இருக்கிறதோ, அதுவே பில்லிங் முகவரி. பார்சல் வந்து சேரும் முகவரி வேறு. வங்கி கொடுத்த கார்டு என்றால் கணக்கில் உள்ள முகவரி. அலுவலகம் கொடுத்தது என்றால் பெரும்பாலும் அலுவலக முகவரி. வீடு மாறியதை வங்கியில் சொல்லவில்லையா? பழைய வீட்டு முகவரிதான் செல்லும்.

ஆனால் வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது வேறொன்று. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் முகவரியைச் சரிபார்க்க ஏ.வி.எஸ். என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அது பெரும்பாலும் தெருப்பெயரைக் கண்டுகொள்வதே இல்லை! கதவு எண்ணும் அஞ்சல் குறியீடும்தான் அதற்குக் கணக்கு. சிகாகோவில் 45, ஓக் ஸ்ட்ரீட், 60610 என்று எழுதினால் அது எடுத்துக்கொள்வது 45, 60610. ஓக்கைத் தப்பும் தவறுமாக எழுதினாலும் கவலையில்லை. 45ஐ 54 ஆக்கினால் போச்சு. வங்கியின் பதில் ஒரே எழுத்தில் வரும். இரண்டும் பொருந்தினால் ‘ஒய்’, கதவு எண் மட்டும் என்றால் ‘ஏ’, ஜிப் எனப்படும் அமெரிக்க அஞ்சல் குறியீடு மட்டும் என்றால் ‘இசட்’, எதுவுமே பொருந்தாவிட்டால் ‘என்’.

இதில் கனடாக்காரர்களின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டொரண்டோ ஸ்கார்பரோவிலிருந்து நம்மவர்கள் எல்லை தாண்டி பஃபலோவில் பெட்ரோல் போடப் போனால், பம்ப் ஐந்து இலக்க ஜிப் கேட்கும். கனடாவின் குறியீட்டிலோ எழுத்தும் இலக்கமும் மாறி மாறி வரும். அதிலுள்ள மூன்று இலக்கங்களை மட்டும் பொறுக்கி, பின்னால் இரண்டு சைபர் சேர்த்துத் தட்டுகிறார்கள். 1, 4, 5 என்றால் 14500. பல கார்டுகளுக்கு பம்ப் திறந்துவிடுகிறது!

ஜிப் லேசுப்பட்ட எண் அல்ல. கடையில் கார்டு தேய்க்கும்போது கேட்டு வாங்கும் ஜிப்பும் தனிப்பட்ட அடையாளத் தகவலே என்று 2011இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரையும் ஜிப்பையும் வைத்து வாடிக்கையாளரின் வீட்டையே ஒரு கடை கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் வழக்கு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முகவரி பொருந்தாதபோதும் வங்கி ‘பணம் இருக்கிறது’ என்று ஒப்புதல் கொடுத்துவிடலாம். ‘என்’ என்ற எழுத்தைப் பார்த்து மறுப்பது கடைதான். அதற்குள் தொகை கணக்கில் முடங்கியிருக்கும். விடுபடச் சில நாள் ஆகும். முகவரியை மாற்றி மாற்றி முயன்றால் ஒவ்வொரு முறையும் அதே தொகை புதிதாக முடங்கக்கூடும். அதனால் முதல் மறுப்பிலேயே நிறுத்திவிட்டு, கார்டு கொடுத்தவரிடம் பதிவிலுள்ள முகவரியைக் கேளுங்கள்.

பெயரே இல்லாத பரிசுக் கார்டுக்கு முகவரி ஏது? ஓ.டி.பி.யை நம்பியிருக்கும் நம் இந்தியக் கார்டை அமெரிக்கக் கடை எப்படிப் பார்க்கிறது? இரண்டும் அடுத்த வாரம்.