ஒரு நாளைக்கு 33 நிமிடமே வெயில் விழும் பள்ளத்தாக்கு தெரியுமா?

நடுப்பகலிலும் இருட்டு முழுதாக விலகாத ஒரு மலைப்பிளவு இருக்கிறது, தெரியுமா? அதன் அடியில் சில இடங்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் வெயில் மொத்தமே 33 நிமிடம்தான்! மீதி நேரமெல்லாம் நிழல். அந்த நிழலுக்குள் வெள்ளை நுரையைக் கக்கிக்கொண்டு ஓர் ஆறு பாய்ந்தபடியே இருக்கிறது.

இடம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். பெயர், 'பிளாக் கேன்யன் ஆஃப் த கன்னிசன்'. கிராண்ட் கேன்யனைக் கேள்விப்படாதவர் இல்லை. ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேருக்கு மேல் அங்கே குவிகிறார்கள். இங்கே வருகிறவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம். அவர்களிலும் பெரும்பாலோர் கோடையிலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பனி கொட்டும் மாதங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், பல காட்சிமுனைகளில் உங்கள் குடும்பத்தைத் தவிர வேறு ஆளே இருக்காது!

என்னைக் கேட்டால், குளிர்காலத்தில்தான் போக வேண்டும் என்பேன். கூட்டம் இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கைச் செதுக்கியதில் பெரும்பங்கு பனிக்கும் குளிருக்கும் உண்டு. கோடையில் போகிறவர்கள் முடிந்த வேலையைப் பார்க்கிறார்கள். ஜனவரியில் போகிறவர்கள் வேலை நடக்கும்போதே பார்க்கிறார்கள்!

முதலில் ஆழத்தைச் சொல்லிவிடுகிறேன். வார்னர் பாயின்ட் என்ற இடத்தில் விளிம்பிலிருந்து ஆறு 2,722 அடி கீழே ஓடுகிறது. ஆனால் மலைக்க வைப்பது ஆழம் அல்ல, ஒடுக்கம். சாஸ்ம் வியூ என்ற முனையில் நின்று எதிரே பாருங்கள். அக்கரை விளிம்பு 1,100 அடி தூரத்தில் இருக்கிறது. குனிந்து பாருங்கள். ஆறு 1,820 அடி ஆழத்தில்! அகலத்தைவிட ஆழம் மிஞ்சிய பள்ளம் இது. நாரோஸ் என்ற இடத்தில் இன்னும் மோசம். அங்கே ஆற்று மட்டத்தில் இரண்டு பாறைச் சுவர்களுக்கும் நடுவே 40 அடிதான் இடைவெளி. வெயில் எப்படி இறங்கும்?

எதிர்க்கரையில் நிற்கும் 'பெயின்டட் வால்' கொலராடோவிலேயே உயரமான செங்குத்துப் பாறை. அடியிலிருந்து உச்சிவரை 2,250 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் பத்து விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சி எட்டாது! அந்தக் கரும்பாறை முழுக்க இளஞ்சிவப்புப் பட்டைகள் நெளிந்து ஓடுகின்றன. யாரும் தீட்டியவை அல்ல. பூமியின் ஆழத்தில் பாறை வெடித்த இடங்களிலெல்லாம் உருகிய குழம்பு புகுந்து, மெல்ல ஆறி, படிகமாக இறுகியவை. பெக்மடைட் என்று பெயர். சுற்றிலும் பனி வெளுத்துக் கிடக்கும்போது அந்தக் கறுப்பும் சிவப்பும் எடுப்பாகத் தெரிவதைப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தக் கரும்பாறைக்கு வயது என்ன தெரியுமா? ஏறக்குறைய 170 கோடி ஆண்டுகள்! டைனோசர் என்றால் கண் விரிக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் டைனோசர் பிறப்பதற்கு 140 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாறை உருவாகிவிட்டது. இன்னொரு புதிரும் இருக்கிறது. விளிம்பில் சில இடங்களில் இந்தப் பழம்பாறையின் தலைமேல் நேராக உட்கார்ந்திருப்பது, டைனோசர் காலத்து மணற்பாறை. இரண்டுக்கும் நடுவே சுமார் 150 கோடி ஆண்டுகளுக்குரிய பாறையே காணோம்! வந்து படிந்தவை அத்தனையும் தேய்ந்து, கரைந்து, போன இடம் தெரியாமல் போயின.

இனி ஆற்றைப் பார்ப்போம். கன்னிசன் ஆறு இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் தூரம் 48 மைல். அந்த 48 மைலில் அது இறங்கும் உயரம், மிசிசிப்பி ஆறு மினசோட்டாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை இறங்கும் மொத்த உயரத்தைவிட அதிகம்! கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆறு மைலுக்கு சராசரியாக ஏழரை அடி இறங்குகிறது. இங்கே சராசரி 43 அடி. சாஸ்ம் வியூவுக்கு அடியில் மட்டும் மைலுக்கு 240 அடி! ஆறு என்பதைவிடப் பாறைப் படிகளில் உருண்டு விழுகிற நீர் என்றே சொல்லலாம்.

இவ்வளவு கடினமான பாறையை அறுத்துக்கொண்டு போக அந்த ஆற்றுக்கு என்ன வந்தது? சுற்றிக்கொண்டு போயிருக்கலாமே? கேட்க வேண்டிய கேள்விதான். ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் சுற்றுவட்டாரத்து எரிமலைகள் கக்கிய சாம்பலும் குழம்பும் இந்தப் பழம்பாறையை மூடியிருந்தன. அந்த மிருதுவான மேற்பரப்பில்தான் ஆறு தன் தடத்தைப் போட்டுக்கொண்டது. அறுத்து அறுத்துக் கீழே இறங்கியபோது அடியில் கடும்பாறை எதிர்ப்பட்டது. அதற்குள் கரைகள் உயர்ந்துவிட்டன. விலகிப் போக வழியில்லை. சுமார் இருபது லட்சம் ஆண்டுகளாக அதே தடத்தில், நூறு ஆண்டுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் பாறையைத் தின்றுகொண்டிருக்கிறது. கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை இருந்தால் பெருக்கச் சொல்லுங்கள். 1,600 அடிக்கு மேல் வரும்!

குளிர்காலம் இந்த வேலைக்கு இரண்டு வழியில் கைகொடுக்கிறது. ஒன்று, சுற்றியுள்ள மலைகளில் குவிகிற பனி. வசந்தத்தில் அது உருகி ஆற்றில் இறங்கும்போது, அணைகள் வருவதற்கு முன்பு, விநாடிக்கு 12,000 கன அடி வெள்ளம் இந்த இடுக்கில் பாய்ந்திருக்கிறது. அதன் வலிமை 27.5 லட்சம் குதிரைத்திறன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்! இப்போது மேலே மூன்று அணைகள் அந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

மற்றொன்றை நீங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கும். பாறை வெடிப்பில் புகுந்த நீர் இரவில் உறைந்து வெடிப்பை அகட்டும், பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்கும், இரவில் மறுபடியும் உறையும். ஒருநாள் பாறை பெயர்ந்து விழும். இப்போது இரண்டு கரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வடகரைச் சுவர் தெற்கு நோக்கி வெயில் காய்கிறது. அதில் பனி தங்காது, ஈரம் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆகவே அது இன்றும் செங்குத்தாக நிற்கிறது. தென்கரைச் சுவர் நிழலிலேயே கிடக்கிறது. அங்கே பனி வாரக்கணக்கில் தங்கி, ஈரம் ஊறி, பாறை உதிர்ந்து, சரிவாகி, மரம் செடிகூட முளைத்துவிட்டது. ஒரே பாறை, ஒரே ஆறு. வெயில் விழும் திசை மட்டும் வேறு! கோடையில் இதை யாராவது விளக்கினால்தான் புரியும். ஜனவரியில் ஒரு கரை வெறும் பாறையாகவும் மறுகரை வெள்ளையாகவும் கிடப்பதைப் பார்த்ததுமே எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

எப்படிப் போவது? அருகிலுள்ள ஊர் மான்ட்ரோஸ். சுமார் 15 மைல். அங்கே விமான நிலையமும் இருக்கிறது. குளிர்காலத்தில் தென்கரைச் சாலையில் கன்னிசன் பாயின்ட் பார்வையாளர் மையம் வரை பனியை அள்ளிவிடுவார்கள், கார் போகும். அதற்கப்பால் கார்களுக்கு அனுமதி இல்லை. அந்தச் சாலையே பனிச்சறுக்கும் ஸ்னோஷூ நடையும் போகிற பாதையாக மாறிவிடுகிறது! வடகரைச் சாலையையும், ஆற்றுக்கு இறங்கும் ஈஸ்ட் போர்ட்டல் சாலையையும் மூடிவிடுவார்கள்.

ஸ்னோஷூ என்பது பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். உடல் எடையைப் பரப்பிவிடுவதால் முழங்கால்வரை புதையாமல் பனிமேல் நடக்கலாம். பூங்காவின் ரேஞ்சர்கள் குளிர்காலத்தில் இலவசமாக ஸ்னோஷூ நடை அழைத்துப் போகிறார்கள். ஸ்னோஷூவும் அவர்களே தருகிறார்கள். முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் முறை போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பனியில் பதிந்திருக்கும் காலடிகளைப் பார்த்து, இது முயல், இது மான், இது நரி என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் குளிரையே மறந்துவிடுவார்கள்.

சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். விளிம்பின் எல்லா இடத்திலும் தடுப்புக் கம்பி கிடையாது. பனி மூடியிருக்கும்போது தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. சிறு பிள்ளைகளின் கையை விடவே விடாதீர்கள். தென்கரை கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேல் இருக்கிறது. மூச்சு வாங்கும், தாகம் தெரியாமலே உடல் வறளும். தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பதம் பார்க்கும், குளிர்கண்ணாடி வேண்டும். இன்னொன்று: 2025 ஜூலையில் மின்னல் விழுந்து தென்கரையில் பற்றிய தீ 4,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்கா அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே நிறைந்திருந்த கேம்பல் ஓக் புதர்கள் எரிந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும் இனம் என்பது ஒரு பெரிய ஆறுதல்.

இந்தக் குளிரில் அந்த ஆற்றுக்குள் மூழ்கி நீந்துகிற பறவை இருக்கிறது, தெரியுமா? அமெரிக்கன் டிப்பர்! உள்ளங்கை அளவே இருக்கும் சாம்பல் நிறக் குருவி. உறைபனித் தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்து, அடியிலுள்ள கற்களுக்கு நடுவே நடந்து, பூச்சிப் புழுக்களைப் பொறுக்கித் தின்னும். நெருக்கமான இறகுப் போர்வையும், ஆக்சிஜனை அதிகம் தாங்கும் ரத்தமும் அதற்குத் துணை. மற்றப் பறவைகள் பல தெற்கே போய்விட்ட மாதங்களிலும் இது பாய்ச்சலான ஆற்றை விட்டுப் போவதில்லை. பாடவும் செய்யும்!

சூரியன் ஐந்து மணிக்கெல்லாம் சாய்ந்துவிடுகிறதே என்று வருந்தாதீர்கள். அதுவும் குடும்பத்துக்கு நல்லதே. 2015 முதல் இது சர்வதேச இருள்வானப் பூங்கா. கோடையில் நட்சத்திரம் பார்க்கப் பிள்ளைகள் பத்து மணிவரை விழித்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வானம் நிரம்பிவிடும். கிழக்கே கார்த்திகைக் கூட்டம், அதற்குக் கீழே ரோகிணி, பின்னாலேயே சிவந்த திருவாதிரை! பாட்டி சொன்ன நட்சத்திரங்களைப் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டலாம்.

மனிதர்கள் இந்தப் பள்ளத்தாக்கோடு மல்லுக்கட்டிய கதை தனி. யூட் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்ந்த நிலம் இது. 1882இல் மேற்பகுதியில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் கம்பெனி குறுகிய ரயில்பாதை போட்டது. 1889இல் எழுத்தாளர் கிப்ளிங் அதில் பயணம் செய்து வியந்து எழுதியிருக்கிறார். இன்று அந்தத் தடத்தின் பெரும்பகுதி அணை நீருக்கு அடியில்! ரயிலை இன்னும் கீழே கொண்டுபோக முடியுமா என்று பார்க்க பைரன் பிரையன்ட் என்ற பொறியாளர் 1882-83 குளிர்காலத்தில் இறங்கினார். 20 நாள் வேலை என்று நினைத்தது 68 நாள் இழுத்தது. கூட வந்தவர்களில் பெரும்பாலோர் சில நாட்களிலேயே விலகிவிட்டார்கள். ரயில் போடவே முடியாது என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வந்தது தண்ணீர்ப் பிரச்சினை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நல்ல மண் இருந்தது, போதுமான நீர் இல்லை. மலையைக் குடைந்து கன்னிசன் ஆற்றைக் கொண்டுவரலாமா? 1900இல் ஐந்து பேர் மரப்படகுகளில் இறங்கி, ஒரு மாதத்தில் 14 மைல் போய்க் கைவிட்டார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் டாரன்ஸ் மறு ஆண்டே திரும்பி வந்தார்! இம்முறை கூட வந்தவர் ஆபிரகாம் லிங்கன் ஃபெல்லோஸ் என்ற பொறியாளர். படகு கிடையாது. ஒரு ரப்பர் மெத்தையில் சாமானைக் கட்டி மிதக்கவிட்டு, எழுபது முறைக்கு மேல் ஆற்றை நீந்திக் கடந்து, ஒன்பது நாளில் 33 மைல் தூரத்தை முடித்துவிட்டார்கள். சுரங்கம் தோண்டலாம் என்ற முடிவு அவர்கள் கொண்டுவந்த அளவுகளிலிருந்து பிறந்தது.

1905இல் தொடங்கிய சுரங்கம் 5.8 மைல் நீளம். இருபுறமிருந்தும் குடைந்தார்கள். சேறும் வெந்நீர் ஊற்றும் நச்சுக்காற்றும் எதிர்ப்பட்டன. 26 தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். 1909 செப்டம்பர் 23 அன்று அதிபர் டாஃப்ட் நேரில் வந்து திறந்து வைத்தார். இன்றைக்கும் அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, தெரியுமா? கன்னிசன் மலைகளில் ஜனவரியில் விழுகிற பனி, உருகி, பள்ளத்தாக்கின் வாசலில் சுரங்கத்துக்குள் திரும்பி, மறுபக்க வயல்களுக்குப் போகிறது. கொலராடோ கடைகளில் ஆகஸ்ட் மாதம் அந்த வயல்களில் விளைந்த ஒலேத்தா இனிப்புச் சோளம் வரும். அந்தக் கதிர்களுக்குப் பாய்ந்தது இந்தப் பனிதான்!