மின்சிகரெட்டின் சுருள் ஏன் கருகுகிறது?

மின்சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள், பஞ்சுத்திரி உறிஞ்சித் தரும் திரவத்தை ஆவியாக்க, அந்த ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகிப் புகைபோல் வெளிவருகிறது. அத்திரவத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 188 பாகை செல்சியஸில் கொதிக்கும் புரோப்பிலீன் கிளைக்கால், ஏறத்தாழ 290 பாகையில் கொதிக்கும் கிளிசரின் ஆகியவற்றின் கலவையாகும். இவ்விரண்டும் ஆவியாகிப் போய்விடுபவை. ஆனால் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சுக்ரலோஸ் எளிதில் ஆவியாகாமல், அடுப்பில் மறந்துவிட்ட வெல்லப்பாகு போலச் சுருளின்மேல் கரிப்படலமாகப் படிந்துவிடுவதால், பராமரிப்புத் தொல்லைக்குக் கருவியைக் காட்டிலும் திரவமே பெரிதும் காரணம் எனலாம்.

மற்றொரு காரணம் திரி வறண்டுபோவது. கிளிசரின் பாகுத்தன்மை மிக்கது, அதாவது மெதுவாக ஒழுகுவது. ஆகவே அது மிகுந்த கலவை திரியை வந்தடைவதற்குள் சுருள் மீண்டும் சூடாக்கப்படுமானால், பஞ்சு கருகித் தொண்டையைக் கமறச்செய்யும் சுவை எழுவதோடு, ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுச்சேர்மங்களும் பெருகுகின்றன. குறைந்த திறனில் இயங்குவதும், இனிப்பற்ற திரவத்தைக் கொள்வதும், சுருளைத் திரவக்கூட்டோடு சேர்த்தே மாற்றத்தக்கதுமான சிறு கருவியே பராமரிப்பு குறைந்தது என்பது இதிலிருந்து பெறப்படும். (நிகோடினின் அடிமைப்படுத்தும் இயல்பு இவற்றுள் எதனாலும் குறைவதில்லை.)

பராமரிப்பே வேண்டாதவையாக விற்கப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளோ லித்தியம் மின்கலங்களைக் குப்பையாகக் குவித்தன. பிரிட்டன் அவற்றின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்தது. இந்தியாவில் 2019 முதல் எவ்வகை மின்சிகரெட்டையும் விற்பது குற்றமாகும்.