பி.சி.ஓ.எஸ்.: ஹார்மோன் ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது என்று மருத்துவரிடம் போகும் பெண்ணின் கைக்கு ஒரு லேப் ரிப்போர்ட் வருகிறது. எல்.ஹெச். 12, எஃப்.எஸ்.ஹெச். 5 என்பதுபோல அதில் சினைப்பையைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்களின் எண்கள். எஃப்.எஸ்.ஹெச்சைவிட எல்.ஹெச். இரண்டு மடங்கைத் தாண்டினாலே 'பி.சி.ஓ.எஸ்.' என்ற சினைப்பைக் கோளாறுதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருகாலத்தில் மருத்துவர்களும் இந்த விகிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால், 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிபுணர்கள் வகுத்த அளவுகோலில் அதற்கு இடமில்லை. சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படாதது, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பை நிறையச் சிறு குமிழ்கள் தெரிவது ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரொலாக்டின் கோளாறுகள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

எல்.ஹெச். ஏன் கூடுகிறது? மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஹார்மோன் தூண்டல், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு வழக்கத்தைவிட வேகமாக வருகிறது. அதனால் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்சை அதிகமாகச் சுரக்கிறது, எஃப்.எஸ்.ஹெச். ஈடுகொடுப்பதில்லை. முட்டைப்பைகள் வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேன் பார்த்துவிட்டு 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படுபவை இவைதான். அறுவை சிகிச்சை செய்து அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரப்பவையும் இந்தச் சிறு முட்டைப்பைகளே என்பதால் அதன் அளவும் கூடுதலாக இருக்கும்.

பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் காணாமல்போவது இன்சுலின் பற்றிய தகவல். என் பார்வையில் இந்தக் கோளாறின் மையமே அதுதான். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பலருக்குத் தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசை இணங்காவிட்டாலும் சினைப்பை இணங்குகிறது, எல்.ஹெச்சோடு சேர்ந்து இன்சுலினும் அங்கே டெஸ்டோஸ்டீரானைப் பெருக்குகிறது. அதே இன்சுலின் கல்லீரலில் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தைக் குறைக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரானைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் புரதம். அது குறைந்தால், பிடிபடாமல் உலவும் டெஸ்டோஸ்டீரான் கூடும். உடலில் வேலை செய்வது முக்கியமாக அதுதான்.

மொத்த டெஸ்டோஸ்டீரான் 'நார்மல்' என்று ரிப்போர்ட் சொல்ல, தாடையில் முடி முளைப்பதும் பரு அடங்காததும் இதனால்தான். பெண்களுக்கு இந்த ஹார்மோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வழக்கமான லேப் முறைகள் அவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. 'எல்லாம் நார்மல்தான், உனக்கு ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு அநீதி நடக்கிறது. எஸ்.ஹெச்.பி.ஜி.யையும் சேர்த்துப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கலாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் மாறிவிடும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகு சோதித்தால்தான் நம்பலாம். அப்படி நிறுத்துவதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

சினைமுட்டை வெளிப்படாத மாதத்தில் புரொஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சவ்வைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறது. இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். குழந்தை பெறும் எண்ணம் இல்லாதவர்களும் மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராமல் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது.

பள்ளி, கல்லூரி வயதுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்தோ ஏ.எம்.ஹெச். அளவை வைத்தோ பி.சி.ஓ.எஸ். என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியும்.

அதே வழிகாட்டி, எடை எவ்வளவாக இருந்தாலும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை தேவை என்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் சோதனையே இதற்குச் சிறந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு சரியாக இருப்பவர்களிடமும் பிரச்சினையை இது காட்டிக்கொடுக்கும். தெற்காசியப் பெண்களுக்கு நீரிழிவு வாய்ப்பு கூடுதல். ஒல்லியாக இருப்பவர்களும் விலக்கல்ல. உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ பி.சி.ஓ.எஸ். என்று சொல்லப்பட்டிருந்தால், இந்தச் சோதனை எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.