துக்கத்துக்கும் துணை உண்டு

1981ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி. பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் குழந்தைகள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ளவர்கள் அந்த உறவினர்களின் துக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள்.

துக்கம் நோயா? இல்லை. இறந்தவரை நினைத்து அழுவது இயல்பு. நம் வீடுகளில் சாவு விழுந்தால் சொந்தபந்தம் கூடும். ஒப்பாரி வைத்து அழுவோம். 16ஆம் நாள் காரியம் முடியும். எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். வீடு வெறிச்சோடிப் போகும். அதன் பிறகுதான் துக்கம் கனக்கும்.

பலருக்கு நாள் போகப் போகத் துக்கம் குறையும். சிலருக்குக் குறையாது. பல மாதம் ஆகியும் சோறு இறங்காது. தூக்கம் வராது. வேலைக்குப் போக முடியாது. இவர்களுக்கு உதவி வேண்டும். "செத்துப் போகலாம்" என்று ஒருவர் சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மனநல ஆலோசகர் என்ன செய்வார்? பொறுமையாகக் கேட்பார். "அழாதே" என்று அடக்க மாட்டார். இறந்தவரைப் பற்றிப் பேச விடுவார். "நான் அனுப்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானே" என்று சிலர் தம்மையே குறை சொல்வார்கள். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க உதவுவார். ஒரே நாளில் சரியாகாது. பல முறை போக வேண்டும். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது.

குழந்தைக்கும் துக்கம் உண்டு. சாவு வீட்டிலும் அது விளையாடும். ஆனால் பிறகு படுக்கையை நனைக்கும். வயிறு வலிக்கிறது என்று சொல்லும். பள்ளிக்கூடம் போக மறுக்கும். எதற்கெடுத்தாலும் கோபப்படும். அடித்தால் இது தீராது. ஆலோசகர் பொம்மை கொடுப்பார். படம் வரையச் சொல்வார். வாயால் சொல்ல முடியாததைக் குழந்தை விளையாட்டில் காட்டும்.

"அப்பா தூங்குகிறார்" என்று குழந்தையிடம் சொல்லாதீர்கள். அது தூங்கவே பயப்படும். "அப்பா இறந்துவிட்டார். இனி வர மாட்டார். இது உன்னால் நடக்கவில்லை. நான் உன்னோடு இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

"அங்கே போனால் பைத்தியம் என்பார்களே?" என்று பயம் வேண்டாம். கால் உடைந்தால் கட்டுப் போடுகிறோம். மனசு உடைந்தாலும் வைத்தியம் பார்க்கலாம்.

14416 என்ற எண்ணை எழுதி வையுங்கள். இது அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி. 2022இல் தொடங்கியது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

உங்கள் தெருவில் துக்க வீடு இருக்கிறதா? 16ஆம் நாளுக்குப் பிறகும் போய் உட்காருங்கள். அவர்கள் பேசட்டும். நீங்கள் கேளுங்கள்.